கோடாலிக்கு நடுவில் ஏன் சல்யூட்?

பழைய நகைச்சுவைக் குறும்படங்களை டிவியிலும் இணையத்திலும் மறுபடி வெளியிடுகிறவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகனோடு உட்கார்ந்து லாரல் ஹார்டி இரட்டையரின் 'தி மியூசிக் பாக்ஸ்' பார்த்தேன். நீண்ட படிக்கட்டில் ஒரு வீட்டுக்குப் பியானோவை ஏற்றப் படாதபாடு படும் குறும்படம். படிக்கட்டில் பியானோ உருண்டபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவன் கடைசியில் கேட்டான்: "மாமா, அவர் கோடாலியால பியானோவ உடைச்சிட்டிருக்காரு, நடுவுல ஏன் மூணு பேரும் சல்யூட் அடிக்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். அது தானாக வாசிக்கும் பியானோ. வெட்டு விழும்போதே அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆத்திரத்தில் உடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரப் பேராசிரியரும் லாரல், ஹார்டியோடு விறைப்பாக நின்றுவிடுகிறார். பாட்டு நின்றதும் மறுபடி கோடாலி. அந்தப் பாடல் சட்டப்படி தேசிய கீதமானதே 1931 மார்ச்சில்தான். படம் வந்தது 1932இல். அன்றைக்கு அது சுடச்சுட ஜோக். நாங்கள் பார்த்த பிரதியிலோ அசல் ஒலியைத் தூக்கிவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரே துள்ளல் இசையை ஓடவிட்டிருந்தார்கள். கீதமே கேட்காதபோது சல்யூட் எப்படிப் புரியும்?

கறுப்பு வெள்ளையில் ஒருவர் வழுக்கி விழுந்தாலே அது ஊமைப்படம் என்று நினைத்துவிடுகிறீர்கள் போலிருக்கிறது. லாரலும் ஹார்டியும் 1929லேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த நாளில் டப்பிங் வசதி சரியாக வரவில்லை. அதனால் ஸ்பானிஷ், பிரெஞ்சு ரசிகர்களுக்காக, தெரியாத அந்த மொழிகளின் வசனங்களை உச்சரிப்பாகவே எழுதி வைத்துப் பார்த்துப் பேசி, தங்கள் படங்கள் சிலவற்றை மறுபடி நடித்துக் கொடுத்தார்கள். காதில் விழுவதற்காக அவ்வளவு மெனக்கெட்டவர்களின் வாயைத்தான் நீங்கள் அடைக்கிறீர்கள்.

இதே படிக்கட்டு வேடிக்கையை 1927இல் 'ஹேட்ஸ் ஆஃப்' என்ற ஊமைப்படத்தில் அவர்கள் ஏற்கெனவே செய்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் அதே படிகள், பியானோவுக்குப் பதில் துணி துவைக்கும் இயந்திரம். அந்தப் படம் இன்று தொலைந்துபோய்விட்டது. ஐந்து வருடம் கழித்து இயந்திரம் பியானோ ஆனதும், பெட்டி இடிபடும்போதெல்லாம் உள்ளே தந்திகள் சிணுங்குகின்றன. பெட்டிக்கும் ஒரு குரல் வந்துவிட்டது! நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று ஆஸ்கார் கொடுக்கத் தொடங்கிய முதல் முறையே பரிசு வாங்கிய படம் இது.

இவர்களின் பேசும்படங்களில் இன்னொரு வித்தை உண்டு. ஹார்டி சட்டகத்தை, அதாவது திரையில் தெரியும் எல்லையை, விட்டு வெளியே போவார். தடால் என்று ஒரு சத்தம். திரையில் லாரலின் முழிப்பு மட்டும். விழுந்ததை நாம் பார்க்கவே மாட்டோம். இதன்மேல் வேறு இசையை ஊற்றினால் மிஞ்சுவது சும்மா நிற்கிற ஓர் ஆள்தான்.

1934இல் கொலம்பியா படநிறுவனத்துக்கு வந்த 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற நகைச்சுவை நடிகர்கள் மூவருக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். கண்ணில் விரலால் குத்தினால் தந்தியைச் சுண்டும் ஒலி. அது கேட்கும் வரைக்கும்தான் விளையாட்டு. ஒலியை எடுத்துவிட்டுப் பாருங்கள், வெறும் அடிதடி.

அப்புறம், படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுவது. 133 படிகளின் உயரத்தைக் காட்டத்தான் அந்தக் காட்சியே! நீங்கள் வெட்டிய பிரதியில் உச்சியும் இல்லை, அடிவாரமும் இல்லை. வண்ணம் பூசுவது பற்றி நான் சண்டைக்கு வரவில்லை, பிடிக்காது, அவ்வளவுதான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 1932இல் வந்த படங்கள் 2028 பிறந்ததும் பொதுச்சொத்தாகிவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். உங்கள் விருப்பப்படி ஒரு பிரதி போடுங்கள், சரி. பக்கத்திலேயே அசல் ஒலி, அசல் சட்டக அளவோடு இன்னொன்றும் வையுங்கள். எது எது என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய படப் பைத்தியம்

பி.கு.: வேகத்தையும் கூட்ட வேண்டாம். பேசும்படம் நொடிக்கு 24 தனிப்படங்கள் வீதம் ஓட வேண்டியது. ஹார்டி நம்மைப் பார்த்துப் பெருமூச்சு விட அவருக்கு அந்த நேரம் வேண்டும்.