மிசிசிப்பி பிறக்கும் இடத்தில் விட்டுப்போன பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள இட்டாஸ்கா பூங்கா பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் பார்த்த இடம். அங்கே இட்டாஸ்கா ஏரியிலிருந்து மிசிசிப்பி வெளியேறும் இடத்தில் கற்கள் மேல் கால் வைத்தே நதியைக் கடந்துவிடலாம். பேரன் ஏழு தடவை கடந்தான். நான் ஒரே தடவை, அதுவும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கற்களை 1930-களில் வேலைக்கு வந்த ஆட்கள் அடுக்கினார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஆனால் நதிமூலத்தை அமெரிக்க ஆய்வுப் பயணி 'ஸ்கூல்கிராஃப்ட் கண்டுபிடித்தார்' என்று ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம். 1832-ல் அவரை அங்கே கூட்டிப் போனவர் ஓசாவிண்டிப் என்ற ஒஜிப்வே பழங்குடித் தலைவர். ஏரிக்கு அவர்கள் மொழியில் ஏற்கெனவே பெயரும் இருந்தது. ஸ்கூல்கிராஃப்ட் செய்தது, 'வெரிட்டாஸ் காப்புட்' (உண்மை, தலை) என்ற லத்தீன் சொற்களின் தலையையும் வாலையும் வெட்டி 'இட்டாஸ்கா' ஆக்கியது. கேட்டால் பழங்குடிப் பெயர் போலவே இருக்கிறது, அதுதான் வேடிக்கை.

இன்னொருவர் மேரி கிப்ஸ். 1891-ல் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் சட்டமன்றம் இந்தப் பூங்காவுக்குச் சம்மதித்தது. பூங்கா வந்தும் மரம் வெட்டுவது நிற்கவில்லை. கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட, ஏரிக்குக் கீழே அணை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். கரையோர மரங்கள் முழுகின. 1903-ல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த அப்பா இறந்ததும் அந்தப் பதவிக்கு வந்த மேரிக்கு வயது 24. மதகைத் திறக்கச் சொல்லி நேரே போய் நின்றார். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியும் அவர் நகரவில்லை என்று சொல்வார்கள். பதவியில் இருந்தது சில மாதங்கள்தான். இன்று நதிமூலத்துக்குப் போகும் வழியில் இருக்கும் மையத்துக்கு அவர் பெயர். கட்டுரையாளரும் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்.

படகு, சைக்கிள், 100 அடி உயரக் காட்டுத்தீக் கண்காணிப்புக் கோபுரம், பனிக்காலச் சறுக்கு எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருக்கிறார், குறையில்லை. கோபுரத்தில் நான் ஏறவில்லை, முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. இணையப் பதிப்பிலாவது இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துவிடுங்கள்.

- ஒரு வாசகர், கும்பகோணம்