தள்ளிவிட்டார் என்று எந்த வசனத்தில் இருக்கிறது?

கர்த்தருக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். அப்போஸ்தலனாகிய பவுலின் சுவிசேஷப் பிரயாணங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்துகொண்டிருந்த தொடரின் கடைசிப் பகுதியை இந்த மாதம் படித்தேன். ‘யூதர்கள் சுவிசேஷத்தைத் தள்ளினார்கள், ஆகவே தேவன் அவர்களைத் தள்ளிவிட்டு, புறஜாதியாராகிய நம்மைத் தெரிந்துகொண்டார்’ என்று அதில் ஒரு வரி வருகிறது (புறஜாதியார் என்றால் யூதரல்லாதவர்கள்). பக்கத்தின் நடுவில் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் அதைப் போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் போதகர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வரியைப் படித்த பிறகு மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை.

நீங்கள் இறையியல் படித்தவர். ரோமர் 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று பவுலே கேட்டு, ‘தள்ளிவிடவில்லையே’ என்று பவுலே பதில் சொல்லிவிட்டார். அதற்குச் சாட்சியாகத் தன்னையே நிறுத்துகிறார்: நானும் இஸ்ரவேலன், பென்யமீன் கோத்திரத்தான் என்று. பவுல் இல்லை என்று சொன்னதை, பவுலைப் பற்றிய தொடரிலேயே ஆம் என்று அச்சிட எப்படி மனம் வந்தது?

பிசீதியாவிலுள்ள அந்தியோகியாவில் நடந்ததைக் கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரம், 46-ஆம் வசனம். யூதர்கள் எதிர்த்துப் பேசியதால் நாங்கள் புறஜாதியாரிடம் போகிறோம் என்று பவுலும் பர்னபாவும் சொன்னது உண்மைதான். சரி, அடுத்த ஊரான இக்கோனியாவில் அவர்கள் முதலில் எங்கே போனார்கள்? யூதர்கள் கூடித் தொழும் ஜெப ஆலயத்துக்கு. யூதரிலும் கிரேக்கரிலும் திரளானவர்கள் விசுவாசித்தார்கள் என்று 14-ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே சொல்கிறது. 13-ஆம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிட்டால் வேறு எதையும் சொல்லலாம். தெசலோனிக்கேயில் மூன்று ஓய்வுநாட்கள் ஜெப ஆலயத்தில் பேசினார். பெரோயாவிலும் ஜெப ஆலயம்தான். அங்கிருந்த யூதர்கள் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள் என்று நடபடிகளை எழுதிய லூக்கா புகழ்ந்து எழுதுகிறார். நம் சபைகளில் அந்தப் பெரோயா பட்டணத்தாரை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர்கள் யூதர்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கொரிந்துவில் இன்னும் ஒரு படி மேலே. கலியோன் அகாயாவுக்கு அதிபதியாக இருந்த காலம் அது. கிரேக்க நாட்டில் தெல்பியில் கிடைத்த கல்வெட்டை வைத்து கி.பி. 51-52 வாக்கில் என்று கணக்கிடுகிறார்கள். அங்கேயும் பவுல் வஸ்திரத்தை உதறிவிட்டு, இனிப் புறஜாதியாரிடம் போகிறேன் என்கிறார். போனது எங்கே? ஜெப ஆலயத்துக்கு அடுத்த வீட்டுக்கு! ஜெப ஆலயத் தலைவனாகிய கிறிஸ்பு தன் வீட்டார் அனைவரோடும் விசுவாசித்தான். கிறிஸ்பு எந்த ஜாதி என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எபேசுவிலும் மூன்று மாதம் ஜெப ஆலயத்தில் பிரசங்கம். ரோமாபுரியில் காவலில் இருந்தபோதுகூட அவர் முதலில் வரவழைத்துப் பேசியது யூதரில் பிரதானமானவர்களைத்தான். சிலர் விசுவாசித்தார்கள், சிலர் விசுவாசியாதிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். எந்த ஊரில் பிரசங்கம் செய்தாலும் அப்படித்தானே நடக்கும்?

இன்னொன்றையும் கேட்கிறேன். பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட வைத்தவர்கள் யார்? குறிசொல்லும் பெண்ணை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த அவளுடைய எஜமான்கள். எபேசுவில் பட்டணத்தையே கலக்கியவன் தெமேத்திரியு என்னும் தட்டான், தியானாளின் கோவிலை வைத்துப் பிழைத்தவன். அத்தேனேயில் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னதும் இகழ்ந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். இவர்கள் எல்லோரும் புறஜாதியார். ‘கிரேக்கர்கள் தள்ளினார்கள், ஆகவே தேவன் கிரேக்கரைத் தள்ளிவிட்டார்’ என்று ஒருநாளாவது உங்கள் இதழில் கட்டம் கட்டிப் போட்டதுண்டா?

முதல் சபை முழுவதும் யூதர்கள். பெந்தெகொஸ்தே நாளில் சேர்க்கப்பட்ட ஏறக்குறைய மூவாயிரம் பேர் யூதரும் யூதமார்க்கத்தில் அமைந்தவர்களும். பிறகு ஆண்களின் தொகை மட்டுமே ஏறக்குறைய ஐயாயிரமாயிற்று. பல வருஷம் கழித்துப் பவுல் எருசலேமுக்கு வந்தபோது, யூதர்களுக்குள் அநேக ஆயிரம் பேர் விசுவாசிகளாக இருக்கிறார்கள் என்று யாக்கோபும் மூப்பரும் அவரிடம் சொல்கிறார்கள். அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடிப் பேசியபோது எழுந்த கேள்வி என்ன? புறஜாதியாரை விருத்தசேதனம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாமா என்பது. நம்மைச் சேர்ப்பதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசியவர்கள் யூதர்கள். விக்கிரக அசுத்தம், வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் ஆகியவற்றுக்கு விலகியிருந்தால் போதும், வேறு பாரத்தைச் சுமத்த வேண்டாம் என்று இரக்கத்தோடு முடிவெடுத்தவர்களும் அவர்களே. அவர்களைப் பற்றித்தான் இப்படி எழுதுகிறோம்.

என் பேச்சுக்கு என்ன அடிப்படை என்று நீங்கள் கேட்கலாம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஞாயிறு பள்ளியில் இன்னமும் பாடம் எடுக்கிறேன். அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்கும் போயிருக்கிறேன். ஆபிரகாமில் தொடங்கினால் அங்கே ஒருவரும் நின்று கேட்பதில்லை. அவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. மழையையும் விளைச்சலையும் பற்றிப் பேசினால் உட்கார்ந்து கேட்பார்கள். லீஸ்திராவில் பவுலும் பர்னபாவும் செய்ததும் இதுதான். பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் கும்பிட வந்த ஜனங்களிடம் ஒரு தீர்க்கதரிசன வாக்கியத்தைக்கூட அவர்கள் எடுத்துக்காட்டவில்லை. மழையையும் செழிப்புள்ள காலங்களையும் கொடுக்கிற ஜீவனுள்ள தேவனைக் காட்டினார்கள். அத்தேனேயில் மார்ஸ் மேடையில் நின்று கிரேக்கப் புலவரின் வரியையே எடுத்துப் பேசினார் பவுல். ஜெப ஆலயத்திலோ எகிப்தில் தொடங்கித் தாவீது வழியாக வந்தார். கேட்கிறவர் யார் என்று பார்த்துப் பேசினார். ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவரைத் தாழ்த்தவில்லை. தொடர் முழுவதிலும் இதற்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், இது இன்று ஆரம்பித்தது இல்லை. சில வருஷங்களுக்கு முன்பு நீங்கள் வெளியிட்ட பெரிய வெள்ளி நாடகத்தை எங்கள் ஊரில் பிள்ளைகள் நடித்தார்கள். யூதராக நடித்த பிள்ளைகளுக்குக் கோரமாக ஒப்பனை போட்டு, மற்ற பிள்ளைகளைக் கூச்சல் போட வைத்தார்கள். மறுவாரம் வகுப்பில் ஒரு சிறுவன் என்னிடம், ‘டீச்சர், இயேசு யூதரா? அப்போ அவரும் கெட்டவரா?’ என்று கேட்டான். அதை அன்றே உங்களுக்கு எழுதினேன். வெளியிட வேண்டாம், ஒரு வரி பதில் போட்டிருக்கலாம். வரவில்லை.

இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்குத் தெரியாததா? யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அதே சீரியா தேசத்து அந்தியோகியாவில், 386-387-இல் கிறிசோஸ்தோம் என்னும் சபைப் பிதா யூதர்களையும் அவர்களுடைய ஜெப ஆலயங்களையும் பழித்துப் பிரசங்கம் செய்தார். 1543-இல் ஜெர்மனியின் சீர்திருத்தத் தலைவர் லூத்தர் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். 1938 நவம்பரில் ஜெர்மனியில் அவை எரிந்தன. யூதர்களைத் தேவனால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று கத்தோலிக்கச் சபை 1965-லேயே சொல்லிவிட்டது. நாமோ இன்னும் கட்டம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இஸ்ரவேலாகிய நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவ மரக்கிளையாகிய நம்மைப் பார்த்து, ‘நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது’ என்று பவுல் எழுதியிருக்கிறார். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில், ரோமர் 11-இன் முதல் வசனத்தையும் இந்த 18-ஆம் வசனத்தையும் போடுங்கள். வேறு விளக்கமோ மன்னிப்போ நான் கேட்கவில்லை. தொடரோடு வந்த வரைபடத்தில் பிசீதியாவின் அந்தியோகியாவையும் சீரியாவின் அந்தியோகியாவையும் ஒரே புள்ளியாகப் போட்டிருக்கிறீர்கள்; பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள், அதையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்