ஈயச் சீல்

பழங்காநத்தம்,
மதுரை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபமா என்று பிறகு அம்மாவிடம் கேட்டாயாம். கோபம் ஒன்றும் இல்லை. பேச்சில் சொன்னால் பாதியைத்தான் சொல்வேன், அந்தப் பாதியையும் நீ உன் வழக்கப்படி சிரித்தே கடத்திவிடுவாய். ஆகவே எழுதுகிறேன்.

உன் பி.எம்.டபிள்யூ எம்340ஐ காரின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி எழுதினால், இப்போதுள்ள 387 குதிரைத்திறன் 450-ஐத் தாண்டும் என்று பெங்களூரில் ஒருவர் சொல்லியிருக்கிறார், செய்யலாமா என்பதுதான் உன் கேள்வி. வண்டி உன் உழைப்பில் வாங்கியது. பெண் பிள்ளைக்கு இவ்வளவு வேகம் எதற்கு என்று உன் பெரியப்பா கேட்டபோது, அவருடைய மகன் ஓட்டும் வேகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். எனவே உனக்கு அனுமதி தருவதற்கோ மறுப்பதற்கோ இதை எழுதவில்லை. நீ கேட்கும் அதே வேலையை, வேறு கருவிகளால், கூலி வாங்கிக்கொண்டு முப்பது ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.

பள்ளி விட்டு வந்து பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாயே, நினைவிருக்கிறதா? லாரி என்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் மைகோ பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓடவிட்டால் ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் டீசல் ஏறும். ஆறும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது உன் வேலை. "நாலாவது குறையுதுப்பா" என்று எனக்கு முன்பே நீ சொல்லிவிடுவாய். அளவு சரியானதும், டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைப் பூட்டி, கம்பியைக் கோத்து, ஈயச் சீல் வைத்துக் குறடால் அழுத்தி அனுப்புவேன். அந்தச் சீலில் நம் பட்டறையின் குறி இருக்கும். இந்த பம்பில் ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு டீசல்தான் போகும், இதற்கு நான் பொறுப்பு என்பதே அதன் பொருள்.

நீ பார்க்காத ஒன்றும் அங்கே நடந்தது. லாரி முதலாளிகள் சாயங்காலம் தனியாக வந்து, "கொஞ்சம் கூட்டி வையுங்கண்ணே" என்பார்கள். நான் வைத்த சீலை நானே உடைத்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்புவேன். வண்டி மேட்டில் இழுக்கும், கரும்புகை வரும். புகை வந்தால்தான் பம்ப் கூட்டியிருக்கிறது என்று அவர்கள் மகிழ்வார்கள். காற்று பழைய அளவில்தான் உள்ளே போகிறது; டீசலை மட்டும் கூட்டினால் எரியாமல் மிஞ்சுவதுதான் புகை, காலம் கடந்து எரிவதுதான் பிஸ்டன் தலையிலும் வால்விலும் ஏறும் சூடு. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், ஏனென்றால் நான் மறுத்தால் அடுத்த பட்டறையில் செய்துகொள்வார்கள்.

1994-இல் கோட்டயத்துக்கு அரிசி ஏற்றும் ஒருவருக்கு அப்படிச் செய்தேன். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் தன் வண்டி மட்டும் முதல் கியரில் ஊர்வதாக அவருக்குக் குறை. 150 ரூபாய் கொடுத்தார். மூன்று மாதம் வண்டி பறந்தது. பட்டறைக்கு மிட்டாய் டப்பாவோடு வந்தார். சித்திரை வெயிலில், அனுமதித்ததைவிடக் கூடுதல் பாரத்துடன், கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்த காலை எடுக்காமல் ஏறியதில் ஒரு பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்தது. என்ஜினை இறக்கி வேலை பார்க்க ஒரு மாதம் ஆயிற்று. முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு மாதமும் பேட்டா இல்லாமல் வீட்டில் இருந்த டிரைவர் ஒருநாள் பட்டறைக்கு வந்து, "நான் ஏதும் தப்பா ஓட்டிட்டேனாண்ணே?" என்று கேட்டார். தப்பு அவருடையது அல்ல என்று சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை.

நியாயமாகச் சொன்னால், உன் வண்டிக்குச் செய்யப்போவது நான் செய்ததைவிட நேர்த்தியான வேலை. நான் எரிபொருளை மட்டும் கூட்டினேன். இவர்கள் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவின் அழுத்தத்தை உயர்த்திக் காற்றையும் கூட்டுகிறார்கள், அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டுகிறார்கள், ஸ்பார்க் விழும் நேரத்தைத் திருத்துகிறார்கள், கியர்பாக்ஸுக்கு இவ்வளவு டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) மேல் அனுப்பாதே என்று எழுதியிருக்கும் வரம்பைத் தளர்த்துகிறார்கள். என்ஜினும் பலமானதுதான். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் வரிசையாக, பிளாக்கின் மேல்பகுதி மூடியே வார்க்கப்பட்டது, கிராங்க் அடித்துச் செய்த எஃகு. அறுபது எழுபது குதிரைத்திறன் கூடுதலாகக் கேட்டால் அந்த இரும்பு உடனே உடைந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய்.

என் கவலை சூட்டைப் பற்றியது. இந்த என்ஜினில் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை, அது என்ஜினுக்குள் நுழையும் வழியான இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு கூலர் தண்ணீரால் தணிக்கிறது. அந்தத் தண்ணீரை முன்னால் உள்ள ரேடியேட்டர் வெளிக்காற்றால் தணிக்கிறது. வெளியே 40 டிகிரி என்றால் எந்தக் கூலரும் அதற்குக் கீழே இறக்காது. நீ இருக்கும் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். வெயில் குறைவு என்பது நல்லதுதான், ஆனால் அங்கே காற்றின் அழுத்தம் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு குறைவு. என்ஜினுக்கு அதே அளவு காற்றைக் கொடுக்க டர்போ அங்கே இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதன்மேல் இவர்கள் கூடுதல் அழுத்தமும் கேட்கிறார்கள். பிறகு நீ தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம், கரூர் தாண்டி இந்த உலைக்கு வருகிறாய். மதுரை நூறு மீட்டர் உயரம்தான். கம்ப்யூட்டரில் எழுதிய ஒரே கணக்கை, அதைத்தான் மேப் என்கிறார்கள், வைத்துக்கொண்டு இரண்டு வகைக் காற்றில் ஓட்டுவாய். இந்த இரண்டையும், இவற்றைவிடக் கடுமையான பாலைவன வெயிலையும் பனியையும் மனத்தில் வைத்துத்தான் தயாரித்தவர்கள் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைத்தான் கணக்கை மாற்றி எழுதும் டியூனர் உனக்கு விலைக்குத் தருகிறார். நானும் அதைத்தான் 150 ரூபாய்க்கு விற்றேன்.

அடுத்தது பெட்ரோல். அழுத்தம் கூடக்கூட, ஸ்பார்க்கில் எழுந்த தீ பரவி முடிவதற்குள் மிச்சப் பெட்ரோல் தானே பற்றிக்கொள்ளப் பார்க்கும். அதை நாம் நாக்கிங் என்போம். அதைத் தாங்கும் சக்தியைக் காட்டும் எண்தான் ஆக்டேன். 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது; அது எல்லா பங்க்கிலும் கிடைக்காது. அதற்கென்று எழுதிய மேப்பை ஏற்றிக்கொண்டு வந்து, நாமக்கல்லில் டேங்க் காலியாகி, கிடைத்ததை நிரப்பினால் என்ன ஆகும்? என்ஜினில் ஒட்டியிருக்கும் நாக் சென்சார் அந்தத் தட்டலைக் கேட்டு ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும். நீ காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் ஒரு பகுதி சத்தமில்லாமல் லாயத்துக்குத் திரும்பிவிடும். சென்சார் கேட்பதற்குள் ஒரு பலமான அடி விழுந்துவிட்டால் பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள பகுதிதான் முதலில் உடையும். என் லாரிகள் கரும்புகை விட்டாவது எச்சரித்தன. உன் வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், உனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்திருப்பதையும் மேப் எழுதுபவரிடம் கேட்டுக்கொள். எத்தனால் தட்டலைத் தாங்கும், ஆனால் அதில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே அளவு கூடப் போக வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்று அவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடு.

நீ சொன்னதில் ஒன்று என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. உன் வண்டியில் உள்ள கம்ப்யூட்டரைத் தயாரித்தவர்கள் பூட்டி அனுப்பியிருக்கிறார்களாம். அதைக் கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பித் திறந்து வாங்க வேண்டுமாம். அதுவும் ஈயச் சீல்தான் பாப்பா. என் சீலை உடைத்தால் புதுக் கம்பி கோத்து மறுபடி வைத்துவிடுவேன், யாருக்கும் தெரியாது. இதில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு உள்ளேயே தங்கிவிடும் என்கிறார்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில், நாளைக்கு டர்போவிலோ கியர்பாக்ஸிலோ ஒரு பழுது என்று போய் நின்றால், அந்தப் பழுதுக்கும் டியூனிங்குக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் சுமை உன் தலையில் விழும்.

பூட்டைத் திறக்க வேண்டாம், நடுவில் ஒரு பெட்டியைச் செருகினால் போதும், சர்வீஸுக்குப் போகும்போது கழற்றிவிடலாம் என்று சொல்லும் பிக்கிபேக் வகையை இன்னும் குறைவாகவே மதிக்கிறேன். அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் உட்கார்ந்துகொண்டு, உண்மையில் இருப்பதைவிட அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அது பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். ஆறு குழாய்களில் மட்டம் பார்த்து வளர்ந்தவள் நீ. அளவைக் காட்டும் குழாயிலேயே தவறாகக் கோடு போடுவதற்குச் சம்மதிப்பாயா? புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு, டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் டவுன்பைப் குழாயை மாற்றிப் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அப்படிச் செய்த வண்டியை நம் வாசலில் நிறுத்தாதே.

சட்டத்தையும் படித்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் திருத்திய 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சாலையில் நிற்கும் காவலர் மென்பொருளைப் பார்க்கப்போவதில்லை என்பாய். உண்மைதான். விபத்து என்று ஒன்று நடந்தால் வருகிற காப்பீட்டு சர்வேயர் பார்ப்பார். அவர்களிடம் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி உன் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அது ஒரு வாசல். உன் வண்டியின் விலையை விட, எதிரே வந்தவரின் இழப்பு பெரியதாக இருக்கலாம்.

என் முடிவைக் கேட்டாய். உத்தரவாதம் முடியும் வரை அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதே. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் தொடும் வண்டியில், அந்த முழு பலத்தையும் நீ இதுவரை எத்தனை விநாடி பயன்படுத்தியிருப்பாய் என்று கணக்குப் பார். வாடிப்பட்டிக்கும் சமயநல்லூருக்கும் இடையில் மாடும் டிராக்டரும் எதிர்த்திசையில் வரும் பைக்கும் இருக்கும்போது எனக்கு அந்தக் கணக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. பலம் போதவில்லை என்ற எண்ணம் தோன்றினால், அதே பணத்தில் நல்ல டயரும் புதிய பிரேக் ஆயிலும் போட்டுக்கொண்டு, ஒருநாள் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்; அங்கே வண்டி போதவில்லையா, நாம் போதவில்லையா என்பது தெரிந்துவிடும். அம்மா இந்த வரியைப் படிக்கக் கூடாது.

உத்தரவாதம் முடிந்த பிறகும் ஆசை இருந்தால், மென்பொருள் மட்டும், நீ உண்மையில் நிரப்பும் பெட்ரோலுக்கு எழுதியதாக, பெங்களூரிலும் மதுரை வெயிலிலும் ஓட்டிப் பதிவெடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க் எவ்வளவு பின்னால் இழுக்கப்படுகிறது என்று காகிதத்தில் காட்டக்கூடிய ஆளிடம் செய்துகொள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவி. அவர்கள் மறுத்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடு. அந்தப் பதிவை எனக்கும் அனுப்பு. ஆறு சிலிண்டர்தானே, படித்துவிடுவேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வண்டியை இப்போது இருக்கிறபடியே கொண்டு வா. வழியில் எந்த ஊரில், என்ன பெட்ரோல், எத்தனை லிட்டர் போட்டாய், அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். கொடைரோடு டோல் தாண்டியதும் ஒரு போன் செய், தெருமுனையில் நிற்கும் லோடு ஆட்டோவை எடுக்கச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா