மாடல் டி ஸ்டியரிங் வேலை – வேலையும் தப்பு, பில்லும் தப்பு

சர்வீஸ் மேனேஜர் சார், வணக்கம்.

போன மாசம் உங்க ஒர்க்‌ஷாப்ல ஸ்டியரிங் வேலைக்கு விட்ட 1924 மாடல் டி ஃபோர்டு, எங்க தாத்தா வெச்சிருந்த வண்டி, ஞாபகம் இருக்குல்ல? ரெண்டு தடவ போன் பண்ணியாச்சு, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்"னு ஒரே பதில், அதான் எழுதியே அனுப்புறேன்.

நான் விடும்போது சொன்னது ஸ்டியரிங்ல ப்ளே, அதான் வெத்து ஆட்டம், ஜாஸ்தின்னு, அவ்வளவுதான். இப்ப ப்ளே இல்ல, ஆனா வண்டி நேராவே போக மாட்டேங்குது. வளைவுல திருப்பிட்டு கைய லூஸ் விட்டா வீல் தானா நேராகணும்ல, இது இன்னும் உள்ளயே இழுத்துட்டுப் போகுது, பொள்ளாச்சி ரோட்ல புளியமரத்துக்கு ரெண்டடி முன்னாடி நிறுத்துனேன், முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாத வண்டி சார் இது.

வீட்டுல தூக்குக்குண்டு கட்டிப் பாத்தேன். முன் சக்கரம் திரும்புற பின், அதான் கிங்பின், மேல்பக்கம் அஞ்சரை டிகிரி போல பின்னாடி சாஞ்சிருக்கணும், இதுல முன்னாடி சாஞ்சு நிக்குது. முன் ஸ்பிரிங் பட்டைய ஆக்சிலோட சேக்குற பெர்ச் ரெண்டும் ஒண்ணு இல்ல, இடதுக்கு வேற வலதுக்கு வேற, உங்க பசங்க அத மாத்தி மாட்டிட்டாங்க. கடையில சாமான் தள்ளுற டிராலி வீல் தண்டுக்குப் பின்னாடி இழுபட்டு வந்தாத்தான் நேரா ஓடும், அத முன்னாடி பாக்க வெச்சுத் தள்ளுனா என்னாகும்? அதான் என் வண்டிக்கும் ஆயிருக்கு.

இதுல பழைய வண்டின்னு சாக்கு வேற. நாலு சக்கர வண்டிய ஒழுங்கா திருப்ப வழி கிடைக்காமத்தான் பென்ஸ் 1886-ல மூணு சக்கரத்தோட நிறுத்துனாரு, 1893-ல முன் சக்கரம் ரெண்டும் தனித்தனி பின்ல திரும்புற அமைப்புக்கு பேட்டன்ட் வாங்கிட்டு நாலுக்கு வந்தாரு. 1894-லயே பாரிஸ்–ரூவான் கார் ஓட்டத்துல ஒரு பனார் வண்டி, திருப்புற கம்பிய விட்டுட்டு ஸ்டியரிங் வீலோட ஓடிருக்கு. என் வண்டி அதுக்கும் முப்பது வருஷம் பிந்துனது, ஃபேக்டரில இருந்து வரும்போது நேராத்தான் ஓடிருக்கும்.

அடுத்து பில். கடைசி வருஷ மாடல்ல வந்த 5-க்கு 1 கியர், அதாவது ஸ்டியரிங் வீல் அஞ்சு சுத்துக்கு கீழ ஆர்ம் ஒரு சுத்து திரும்புற கியர், போட்டா ஸ்டியரிங் லேசாகும்னு நீங்கதான சொன்னீங்க, பில்லுலயும் அதான் இருக்கு. ஜாக்கி போட்டு முன்பக்கத்த தூக்கி, சாக்பீஸ்ல மார்க் பண்ணி ஸ்டியரிங் வீல ஒரு முழு சுத்து சுத்துனேன், கீழ இருக்குற ஆர்ம் கரெக்டா கால் சுத்து திரும்புது. அப்ப 4-க்கு 1 தான, எங்க பழைய கியரயே கழுவி கிரீஸ் வெச்சு மாட்டிருக்கீங்க!

பெர்ச்ச சரியா மாட்டித் தாங்க, அதுக்கு லேபர் தர மாட்டேன். கியர் ஒண்ணு மாத்துங்க, இல்ல அந்தக் காச திருப்பிக் குடுங்க. வண்டிய நான் ஓட்டிட்டு வர்றதா இல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள அனுப்புங்க, இடது வலது தெரிஞ்ச ஆளா பாத்து.

இப்படிக்கு,
கருப்பு மாடல் டி ஓனர்