என் மாமியாரின் தாத்தா ஊரைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியாரின் தாத்தா அயர்லாந்தில் எந்த ஊர்க்காரர் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், பழைய பதிவேடு படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது உதவ முடியுமா என்று போன வருஷம் எழுதியிருந்தேன். ஊர் கிடைத்துவிட்டது! கார்க் கவுண்டியின் மேற்குக் கோடியில், பேரா தீபகற்பத்தின் நுனிப்பக்கம் இருக்கும் அலிஹீஸ். உதவிய எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது, அதனால்தான் இந்த மடல்.

மாமியாருக்கு 84 வயது. அவருடைய அப்பாவின் அப்பா அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் நகரத்துத் தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்து, பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே இறந்துபோனார். அவரைப் பற்றி வீட்டில் மிஞ்சியது கார்க் என்ற ஒரு பெயரும், சல்லிவன் என்ற குடும்பப் பெயரும்தான். பியூட்டில் சல்லிவனைத் தேடுவது மதுரையில் மீனாட்சியைத் தேடுவது மாதிரி. அந்தக் காலத்து நகர டைரக்டரியைத் திறந்தால் பத்தி பத்தியாக சல்லிவன்கள். பேரா பக்கம் இன்னும் மோசம், ஒரே பெயரில் இத்தனை பேர் இருப்பதால் குடும்பத்துக்குக் குடும்பம் பட்டப்பெயர் வைத்துத்தான் அடையாளம் சொல்வார்களாம்.

அமெரிக்காவின் 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் இருக்கிறார். பிறந்த மாதம், வருஷம், எந்த வருஷம் நாட்டுக்குள் வந்தார், மனைவிக்கு எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை உயிரோடு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் மட்டும் வெறும் அயர்லாந்து. சரி, அயர்லாந்துக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம் என்றால், 1821 முதல் 1851 வரையானவற்றில் பெரும்பகுதி 1922இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போய்விட்டது, அதற்கடுத்த நான்கையும் அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. முழுதாக மிஞ்சிய பழைய கணக்கெடுப்புகள் 1901, 1911 இரண்டும்தான். அவர் கப்பலேறியது 1880களில். அங்கேதான் நான் நின்றுபோயிருந்தேன்.

முதல் நன்றி பியூட் சில்வர் போ ஆவணக் காப்பகத்தில் எனக்காகப் பெட்டிகளைத் திறந்து பார்த்த அம்மாவுக்கு. அவர் தமிழ் படிக்கப் போவதில்லை, பரவாயில்லை, படித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். இறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் ஹாரிங்டன் என்று இருப்பதை எடுத்துத் தந்ததோடு, செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பில் ஒரு தங்கை அதே ஊரில் இருந்ததையும் அவர்தான் கவனித்தார். "இனிமேல் அவரை விட்டுவிடு, தங்கையைத் தேடு" என்றார். எனக்கு யாரும் சொல்லாத யோசனை அது. தங்கையின் கல்லறையைத் தேடிப் போய், பாசி படிந்த எழுத்துகளைத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பிய தன்னார்வலருக்கும் நன்றி. அந்தக் கல்லில் கணவர் பெயருக்குக் கீழே அலிஹீஸ் என்று செதுக்கியிருந்தது.

அடுத்து ஃபாதர். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஐரிஷ் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டை எனக்காக வாசித்தார். அலிஹீஸ் இருப்பது கார்க் கவுண்டி என்றாலும் மறைமாவட்டம் கெர்ரி என்று முதல் மடலிலேயே சொன்னவர் அவர்தான், அது தெரியாமல் கார்க் மறைமாவட்டத்திலேயே தேடிக்கொண்டிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. கத்தோலிக்கப் பதிவேடுகள் பங்குகளிலேயே இருந்ததால் அந்தத் தீயில் சிக்கவில்லை. ஆனால் லத்தீன், அதுவும் அவசரமான கையெழுத்து. வீட்டில் டியர்மிட் என்று கூப்பிடப்பட்டவரெல்லாம் ஆங்கிலத்தில் ஜெரமையா, பதிவேட்டில் யெரேமியாஸ். நமக்கு வேண்டிய வரியில் தாயின் பெயர் மேல் மை ஊறியிருந்தது, அட்டவணை தயாரித்தவர்கள் வேறு ஏதோ பெயராக எழுதிவிட்டார்கள். ஃபாதர் அதே குருவானவர் அதே மாதத்தில் எழுதிய மற்ற ஹாரிங்டன்களைப் பக்கத்தில் வைத்து, அந்த இரட்டை ர் எப்படி வளைகிறது என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, இது ஹாரிங்டன்தான் என்று நிறுவினார். தவக்காலத்தில், அத்தனை வேலைக்கு நடுவில். ஃபாதர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது!

டப்ளினில் இருக்கும் அண்ணன் அடுத்த முடிச்சை அவிழ்த்தார். அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியது 1864இல். தாத்தா பிறந்தது 1862. தங்கை பிறந்தது 1866. அப்படியானால் தாத்தாவுக்கு இல்லாத பதிவு தங்கைக்கு இருக்கும், அதில் டவுன்லாந்து, அதாவது நம் குக்கிராமத்தைவிடச் சின்ன நிலப்பிரிவின் பெயர்கூட இருக்கும் என்றார். இருந்தது. அப்பா அம்மா பெயர்கள் ஞானஸ்நானப் பதிவோடு அப்படியே பொருந்தின. அந்த டவுன்லாந்தின் பெயரை இங்கே எழுதவில்லை, உறவுக்காரர்கள் இன்னும் அங்கே வசிக்கிறார்கள்.

அந்தப் பதிவில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளி என்று இருந்ததை மாமியாரிடம் படித்துக் காட்டியபோது, "அங்கேயுமா?" என்று கேட்டார். உருளைக்கிழங்கு பயிரிட்ட குடும்பம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அலிஹீஸில் 1812இலேயே தாமிரச் சுரங்கம் தொடங்கிவிட்டது. 1880களில் அது ஓய்ந்த அதே சமயம், பியூட்டில் கேவன் கவுண்டியில் பிறந்த மார்கஸ் டேலியின் அனகொண்டா சுரங்கத்தில் தாமிரம் கொட்டத் தொடங்கியிருந்தது. ஊரில் கற்ற தொழிலோடு தாத்தா போனார், பின்னாலேயே தங்கை, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஊரே போயிருக்கிறது. அவர் திக்குத் தெரியாமல் போனவர் இல்லை என்று தெரிந்ததில் மாமியாருக்கு அவ்வளவு நிம்மதி, அன்றைக்குப் பூரா பிள்ளைகளுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கார்க் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கச்சிக்குத்தான் பெரிய நன்றி. இரவு ஷிஃப்ட் வாரம் முடிந்து கிடைத்த ஒரு நாள் விடுமுறையில் பான்ட்ரி, காசல்டவுன்பேர் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு அலிஹீஸ் வரை போய், மலைமேல் நிற்கும் பழைய எந்திரக் கூடத்தையும், இப்போது சுரங்க அருங்காட்சியகமாக இருக்கும் மெத்தடிஸ்ட் கோயிலையும், அந்த டவுன்லாந்துச் சாலையையும் வீடியோ எடுத்து அனுப்பினாய். கேட்காமலேயே செய்தாய் அம்மா. மாமியார் உனக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார், முகவரி அனுப்பு.

பியூட்டின் பழைய டைரக்டரிப் பக்கங்கள், கல்லறைப் பட்டியல்கள் என்று நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்த மருமகளோ மருமகனோ, அவர்கள் வழியில் யாராவது அந்தச் சுரங்கங்களில் வேலை பார்த்திருந்தால் பெயரும் தோராயமான வருஷமும் எழுதுங்கள், நான் தேடித் தருகிறேன்.