ஹேஷ் போட்டால் எண் மறைந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தகவல் தனியுரிமை பற்றி வந்த கட்டுரை தேவையான ஒன்று. ஆனால் அதில் ஒரு செய்தியைத் திருத்தியாக வேண்டும். வாடிக்கையாளரின் கைபேசி எண்ணை ஷா-256 என்ற முறையில் ஹேஷ் செய்து, அதாவது எதைக் கொடுத்தாலும் ஒரே நீளத்தில் வரும் புரியாத குறியாக மாற்றி வைத்தால், விடை 256 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) நீளம் என்பதால், மூல எண்ணை யாராலும் மீட்க முடியாது என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். மீட்க முடியும். அதுவும் சில நொடிகளில்.

அவர் அளந்தது வெளியே வந்ததன் நீளத்தை. அளக்க வேண்டியது உள்ளே போனதை. கிளாட் ஷானன் 1948-இல் வகுத்த என்ட்ரோபி இதற்கான அளவுகோல்தான்: ஒரு மதிப்பு எத்தனை சாத்தியங்களிலிருந்து வந்திருக்கலாம், எதிராளிக்கு அதில் எவ்வளவு ஐயம் மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. எல்லாச் சாத்தியங்களும் சமம் என்றால், அந்த எண்ணிக்கைக்கு இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்தால் பிட் கணக்கு கிடைக்கும். ஒரு பிட் கூடினால் தேட வேண்டியது இரட்டிப்பாகும். எந்த ஹேஷும் உள்ளே இல்லாத ஐயத்தை உண்டாக்கித் தராது.

இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்று. ஆக அதிகபட்சம் 400 கோடி எண்கள், 31.9 பிட். கேமிங் கணினியில் இருக்கும் ஒரு கிராபிக்ஸ் அட்டை நொடிக்குச் சில நூறு கோடி ஷா-256 கணக்குகளைப் போடும். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே ஹேஷ்தான் என்பதால், எல்லா எண்களுக்கும் ஹேஷ் கண்டு ஒப்பிட்டால் பட்டியல் முழுவதும் அவிழ்ந்துவிடும். எண்ணின் முன்னால் 0, 91, கூட்டல் குறியுடன் 91, அல்லது எதுவுமில்லை என நான்கு வடிவங்களையும் முயன்றாலும் கூடுவது இரண்டே பிட். ஆதாரும் பெரிதாகத் தப்பாது. 12 இலக்கம் என்றாலும் 0, 1 ஆகியவற்றில் தொடங்காது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். மிஞ்சுவது 8,000 கோடி, 36.2 பிட். நொடிகளுக்குப் பதில் அரை நிமிடம், அவ்வளவே.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. நியூயார்க் நகர டாக்சிகளின் 2013-ஆம் ஆண்டுப் பயண விவரங்கள், 17 கோடிக்கும் மேற்பட்டவை, 2014-இல் தகவல் உரிமைக் கோரிக்கையின் பேரில் வெளியாயின. வண்டியின் உரிம எண்ணும் ஓட்டுநரின் உரிம எண்ணும் எம்டி5 என்ற இன்னொரு முறையில் போட்ட ஹேஷாக இருந்தன. அந்த எண்களுக்கான வடிவங்கள் ஊரறிந்தவை. மொத்தச் சாத்தியங்கள் சுமார் இரண்டு கோடி. ஒரு மென்பொருள் பொறியாளர் இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனையையும் அவிழ்த்தார். எம்டி5 பழையது என்பதால் நேர்ந்த விபத்து இல்லை இது. ஷா-256 இருந்திருந்தாலும் இதே கதிதான்.

"சால்ட் சேர்த்துவிட்டோம்" என்பார்கள். சால்ட் என்பது ஹேஷ் போடும் முன் ஒவ்வொரு எண்ணோடும் சேர்க்கும் தற்போக்கான (ரேண்டம்) எழுத்துகள். அது ஹேஷுக்குப் பக்கத்திலேயே சேமிக்கப்படுவது, ரகசியம் அல்ல. முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணையை அது செல்லாக்காசாக்கும்; ஆனால் ஒவ்வொரு வரிக்கும் 400 கோடி முயற்சி என்பது இன்னும் ஓரிரு நொடிதான். ஆர்கான்2 போன்ற, வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட ஹேஷ் முறை கொஞ்சம் தேவலை. ஒரு முயற்சிக்கு 0.1 நொடி என்று வைத்தால் கணினிச் செயலியின் ஒரு கோர் (கணக்கிடும் பகுதி) 400 கோடியை முடிக்கச் சுமார் 12 ஆண்டு 8 மாதம். ஆயிரம் கோர்களை வாடகைக்கு எடுத்தால் ஐந்து நாளுக்கும் குறைவு. ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடுபவருக்கு ஐந்து நாள் பெரிய தடை அல்ல.

சரியான வழி, குறைபடும் ஐயத்தை வெளியிலிருந்து கொண்டுவருவது. 128 பிட்டுக்குக் குறையாத ரகசியச் சாவியோடு எச்மேக், அதாவது சாவி கலந்த ஹேஷ், போடலாம். அல்லது எண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தற்போக்கு டோக்கனை, அதாவது மாற்று அடையாளத்தை, கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்த டோக்கன் என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வைக்கலாம். இரண்டாவதே எனக்குப் பிடித்தது. பட்டியலை அழித்தால் டோக்கனிலிருந்து எண்ணுக்குத் திரும்பும் பாதையே இல்லை. எச்மேக் என்றால் சாவி தரவுத்தளத்திலும் இருக்கக் கூடாது, அதன் பேக்கப்பிலும் கூடாது, மூல நிரலிலும் கூடாது. பெரும்பாலும் நிரலில்தான் எழுதி வைக்கிறார்கள். வெளி ஆய்வாளருக்குத் தரவு தரும்போது அதற்கென்று புதுச் சாவி போட்டு, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

சாவியையும் அதே அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில், ஒரு பிழைச் சோதனைக் கருவியின் எச்சரிக்கையை நிறுத்துவதற்காக நிரலில் சிறு மாற்றம் செய்தார்கள். தற்போக்கு எண் உருவாக்கத்துக்குள் போக வேண்டியவற்றில் மாறக்கூடியதாக மிஞ்சியது, இயங்கும் நிரலுக்குக் கணினி தரும் பிராசஸ் எண் மட்டுமே. அதிகபட்சம் 32,768, அதாவது 15 பிட். 2008 மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. சாவிகள் பார்வைக்கு 2,048 பிட்டாகவே இருந்தன.

எண்ணை மறைத்தாலும் வேலை முடியாது. பாலினம், பிறந்த தேதி, பின்கோடு மூன்றையும் அப்படியே விட்டுவைக்கிறார்கள். நாட்டில் சுமார் 19,000 பின்கோடுகள். சராசரியாக ஒன்றில் எழுபதாயிரத்துச் சொச்சம் பேர். எழுபது ஆண்டுப் பிறந்த தேதிகளையும் இரு பாலினத்தையும் பெருக்கினால் ஒவ்வொரு பின்கோட்டிலும் சுமார் 51,000 கட்டங்கள், அதாவது தேதி-பாலினச் சேர்க்கைகள். ஒரு கட்டத்துக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. இது சராசரி மட்டுமே: நெரிசலான நகரப் பின்கோட்டில் ஒரே கட்டத்தில் சிலர் சேர்வார்கள், சிற்றூரில் எண்பத்தைந்து வயதுப் பாட்டி தனியாக மாட்டிக்கொள்வார். பிறந்த தேதிக்குப் பதில் ஐந்தாண்டு வயது வரம்பும், பின்கோட்டுக்குப் பதில் முதல் மூன்று இலக்கங்களும் தந்தாலே பெருமளவு கசிவு நிற்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காண இடம்தரும் தரவு எதுவானாலும் தனிநபர் தரவு என்கிறது. அவிழ்க்கக்கூடிய ஹேஷ் பட்டியலும் அதில் சேரும் என்பதே என் வாசிப்பு.

கட்டுரை தொடாத ஒன்று: மின்-ஆதார் பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பெயர் தெரிந்தவருக்கு மிஞ்சுவது நூறு ஆண்டுகள், 6.6 பிட். ஏடிஎம் பின் நான்கே இலக்கமாக இருந்தும் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், சில தவறுகளிலேயே அட்டை முடங்கிவிடுவது. கோப்புக்கு அந்த முடக்கம் கிடையாது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ பிரவுசிங் சென்டர் கணினியில் விட்டுவந்தாலோ பூட்டாத கோப்பு என்றே கருத வேண்டும்.

ஐயமுள்ள வாசகர்கள் தங்கள் சொந்த எண்ணிலேயே சோதிக்கலாம். எண்ணின் ஷா-256 மதிப்பை எடுத்து, ஹேஷ்களை அவிழ்க்கும் ஹேஷ்கேட் மென்பொருளில் ஷா-256-க்கான 1400 என்ற வகையைத் தேர்ந்து, முதல் இடத்துக்கு 6 முதல் 9 வரையும் மற்ற ஒன்பது இடங்களுக்கு எல்லா இலக்கங்களும் வருமாறு மாஸ்க் (தேட வேண்டிய வடிவம்) கொடுங்கள். விடை வரவில்லை என்றால், ஹேஷ் எடுத்தபோது எண்ணின் இறுதியில் புதுவரிக் குறி ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் எக்கோ கட்டளை அதைத் தானாகச் சேர்த்துவிடும்.

இப்படிக்கு,
தரவுப் பாதுகாப்புத் துறை வாசகர்,
கோயம்புத்தூர்