காப்புக் கயிற்றுக்கு எதற்குக் கடிதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிச் சீருடை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சீருடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி உடுத்தி உட்காருவது நல்லதுதான். ஆனால் சீருடை விதிகளோடு சேர்ந்தே வரும் "நகை கூடாது, கயிறு கூடாது" என்கிற ஒற்றை வரியைக் கட்டுரை தொடவே இல்லை. நம் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு விழிப்பது அந்த வரியில்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். தைப்பூசம் நெருங்கினால் போதும், பிள்ளைகளிடமிருந்து இதே குறை வந்துவிடும். நம் நாட்டில் பள்ளி ஆண்டு தொடங்குவது ஜனவரியில். புது வகுப்பு, புது விதிப் புத்தகம், வாசலிலேயே நின்று தலைமுடி முதல் ஷூ வரை பார்க்கும் ஆசிரியர்கள். சரியாக அந்த நாட்களில்தான் கோயிலில் கொடியேறுகிறது, காவடி எடுப்பவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு என் மாணவன் ஒருவன், எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவன், பள்ளி வாசலிலேயே காப்பை அறுக்க வேண்டியதாகிவிட்டது. விரதம் பாதிதான் ஆகியிருந்தது. காவடியைச் செலுத்திவிட்டுக் கோயிலில்தான் காப்பை அவிழ்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும்போது அந்த வயதுப் பையன் என்னவென்று எடுத்துச் சொல்வான்? மறுநாள் அவன் அம்மா போய்க் கேட்டார். "இது கட்டாயம்தான் என்று கோயில் ஐயரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கடிதம் கேட்டதுதான் என் மனதை உறுத்துகிறது. ஏனென்றால் இந்தக் கேள்விக்கு டர்பனில் தொடங்கிய வழக்கு ஒன்றிலேயே பதில் கிடைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. 2004-இல் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ் மாணவி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார். சிறிய தோடும் கைக்கடிகாரமும் தவிர வேறு நகைக்கு அங்கே இடமில்லை. மூக்குத்தியைக் கழற்று என்றார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மூக்குத்தி போடுவது எங்கள் குடும்ப வழக்கம் என்று தாயார் விளக்கியும் பள்ளி ஏற்கவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் தாயார் தோற்றார், உயர் நீதிமன்றத்தில் வென்றார். அப்புறம் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. அந்தத் தாயாரின் குடும்பப் பெயரை வைத்து "பிள்ளை வழக்கு" என்று சொல்கிறோமே, அதுதான்.

2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பையஸ் லாங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு தாயாரின் பக்கம் நின்றது. மூக்குத்தி மதக் கட்டாயம் இல்லையே, விரும்பினால் போடுவதுதானே என்பது பள்ளித் தரப்பின் முக்கியமான வாதம். மனதார நம்பித் தானாகவே பின்பற்றும் வழக்கத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூக்குத்தியால் பள்ளியில் ஒழுங்கு கெட்டது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்றது. இதைப் பார்த்து இன்னும் பல பிள்ளைகள் தங்கள் பண்பாட்டை வெளிக்காட்ட முன்வந்தால் அது கொண்டாட வேண்டியது, பயப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னது. விதிவிலக்கு கேட்பதற்கான வழிமுறையை விதிகளிலேயே எழுதி வைக்கும்படி பள்ளிக்கு உத்தரவும் போட்டது. இத்தனைக்கும் பிறகு "கட்டாயமா?" என்று ஐயரிடம் சான்று கேட்பது என்ன நியாயம்?

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள தொல்லையும் அல்ல. 2016-இல் பிரிட்டோரியாவில் கறுப்பின மாணவிகள் தங்கள் இயல்பான முடியோடு பள்ளிக்கு வரும் உரிமைக்காகப் போராடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024-இல் கையெழுத்தான பெலா (BELA) என்னும் பள்ளிக் கல்விச் சட்டத் திருத்தம் இப்போது எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் பொதுவாகவே சொல்லிவிட்டது: நடத்தை விதிகள் மாணவர்களின் பண்பாட்டையும் வழிபாட்டையும் உடல்நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் விலக்குத் தரும் ஏற்பாடும் அதில் இருக்க வேண்டும்.

சரி, சட்டம் இருக்கிறது. நாம் வீட்டில் என்ன செய்கிறோம்? மூக்குத்தி மேல் பிளாஸ்டர் ஒட்டி அனுப்புகிறோம். கொளுத்தும் ஜனவரி வெயிலில் காப்பை மறைக்க முழுக்கை ஸ்வெட்டர் போட்டுவிடுகிறோம். "வம்பு வேண்டாம் கண்ணு, ஸ்கூலில் மட்டும் மறைச்சுக்கோ" என்கிறார்கள் வீட்டிலுள்ள ஆயாக்கள், அதாவது பாட்டிமார். பாசத்தில்தான் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஆயா மூக்கில் இருக்கும்போது அழகாக இருப்பது தன் மூக்கில் இருந்தால் மட்டும் குற்றம் என்று அந்தப் பெண் பிள்ளை கற்றுக்கொள்கிறாள். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விதிகளை எழுதுவது ஆசிரியர்கள் இல்லை, பள்ளி நிர்வாகக் குழு. அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பெற்றோரையும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கலந்துகொண்ட பிறகே விதிகளை ஏற்க வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்திலேயே இருக்கிறது. குழுவுக்குத் தேர்தல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 2024 மார்ச்சில் நடந்தபோது என் மாணவர்களின் பெற்றோரில் ஒருவர்கூட நிற்கவில்லை. அடுத்தது 2027-இல் வருகிறது. அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளி விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விலக்குப் பற்றி அதில் ஒன்றும் இல்லையென்றால் நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள்.

கோயில் நிர்வாகிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தைப்பூசம், புனித வெள்ளிக் காவடி, புரட்டாசி விரதம் ஆகியவற்றின் தேதிகளையும், அந்த நாட்களில் பிள்ளைகள் என்னென்ன அணிவார்கள் என்பதையும் ஒரே தாளில் எழுதி, டிசம்பர் விடுமுறைக்கு முன்பே சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் அவர்களே, அந்தத் தாளின் மாதிரி ஒன்றை உங்கள் இதழில் வெளியிட்டால் எங்கள் மண்டபத்தில் முதல் பிரதியை நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்